கிளட்ச் பெடல் ஒரு நேரம் மேலே, ஒரு நேரம் கீழே: எங்கிருந்து தேடுவது

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்கு மே மாதம் என்றால் கிளட்ச் மாதம். ஊட்டிக்குக் கிளம்பிய வண்டி பர்லியாறு தாண்டுவதற்குள் திரும்பி வந்து வாசலில் நிற்கும். இறங்குகிறவர் சொல்லும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "பெடல் ஒரு நேரம் சரியாக இருக்கிறது, ஒரு நேரம் கீழே போய்விடுகிறது." இரண்டாவது வாக்கியமும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஊரில் கிளட்ச் செட்டையே மாற்றச் சொன்னார்கள்."

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் எனக்குச் சண்டை. கிளட்ச் பிளேட் தேய்கிற பொருள். தேய்கிற பொருள் ஒரே திசையில், மாதக் கணக்கில் மெல்ல நகரும். இன்று மேலே, நாளை கீழே என்று ஊசலாடாது. பெடல் ஊசலாடினால் கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன் இரண்டு வேலை

உங்கள் வண்டியில் இருப்பது கேபிளா, ஆயிலா என்று தெரிந்துகொள்ளுங்கள். மாருதி 800, ஆல்டோ போன்றவற்றில் பெடலிலிருந்து கியர்பாக்ஸ் வரை ஒரு கம்பிக் கேபிள்தான் போகிறது. இன்னோவா, ஸ்கார்பியோ போன்றவற்றில் பெடலுக்குப் பின்னால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் பிரேக் ஆயில் நிரம்பிய குழாய். பல வண்டிகளில் கிளட்சுக்குத் தனி ஆயில் டப்பா கிடையாது. பிரேக் டப்பாவின் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு குழாய் பிரிந்து கிளட்சுக்குப் போகும். பானெட்டைத் திறந்து அந்தக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தேவைப்படும்.

அடுத்து, அளவெடுங்கள். பள்ளிப் பிள்ளையின் மர ஸ்கேல் போதும். தரை மிதியடியை எடுத்துவிட்டு ஸ்கேலைத் தரையில் ஊன்றி, பெடலின் ரப்பர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விரல் நுனியால் பெடலை அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் சிறிது தூரம் போகும்; அந்தத் தூரத்தைத்தான் பிளே என்கிறோம். எத்தனை மி.மீ. என்பது வண்டிக்கு வண்டி மாறும், வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். மூன்றாவதாக, வண்டி நகரத் தொடங்கும்போது பெடல் எங்கே இருக்கிறது என்பது. இந்த மூன்றையும் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும், அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டியபின் ஒரு முறையும் எழுதிவையுங்கள். "கொஞ்சம் கீழே போகிறது" என்பதை வைத்து எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. "காலையில் 165, மதியம் 140" என்றால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி 1: முதல் மிதியில் கீழே போகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வருகிறது

இது ஆயில் கிளட்சின் நோய். குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் முதல் மிதி காற்றை அமுக்குவதிலேயே வீணாகிறது.

முதலில் ஆயில் டப்பா. அளவுக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா? இருந்தால், உடனே ஊற்றி மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். பொதுவான டப்பா உள்ள வண்டியில் கிளட்சுக்குப் போகும் குழாய் டப்பாவின் அடியில் இல்லாமல் சற்று மேலேதான் இருக்கும். கிளட்ச் பக்கம் ஒழுகினாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் ஆயில் மிஞ்சட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை: பிரேக் பேட் தேய்ந்து டப்பாவில் ஆயில் இறங்கினால் முதலில் காற்று வாங்குவது கிளட்ச்தான். பெடல் கிளட்சுடையது, கோளாறு முன் சக்கரத்தில். ஆகவே ஆயில் குறைந்திருந்தால் பிரேக் பேட்டின் கனத்தையும் நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

பேட் சரியாக இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. தேட வேண்டிய இடங்கள் மூன்று. ஓட்டுநர் காலடியில் தலையை நுழைத்து, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும் தண்டைத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாஸ்டர் ஒழுகுகிறது. கம்பளத்தின் அடியிலும் ஈரம் இருக்கும். அடுத்து ஸ்லேவ் சிலிண்டர். அதன் ரப்பர் உறையை ஒரு பக்கம் விலக்கினால் உள்ளே தேங்கிய ஆயில் சொட்டும். காய்ந்து இருந்தால் ஸ்லேவ் தப்பித்தது. மூன்றாவது, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பகுதி. சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே தெரியாது. மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து கியர்பாக்ஸ் மூடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அது ஒழுகினால் இந்த இடத்தில்தான் சொட்டும்.

சொட்டுவது எந்த ஆயில் என்று குழம்ப வேண்டாம். வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எஞ்சின் ஆயில் கறுத்து வழுவழுப்பாக இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். பிரேக் ஆயில் மெல்லியது, தண்ணீர் ஊற்றினால் கழுவிக்கொண்டு போய்விடும். பெயின்ட்டையும் அரிக்கும், பானெட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஒழுகலைச் சரிசெய்த பிறகுதான் ஏர் எடுக்க, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இரண்டு பேர் வேண்டிய வேலை. ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளில் கண்ணாடி போலத் தெரியும் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்துவார், குமிழி வரும், நிப்பிளை மூடுவார், அதன் பிறகே பெடலை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியேற்றிய காற்றையே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். சில வண்டிகளில் பெடல் தானாக மேலே வராது, கால் விரலால் தூக்கிவிட வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம். நான்கைந்து மிதிக்கு ஒரு முறை டப்பாவைப் பாருங்கள். அது காலியானால் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டியதுதான்.

மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதே ஆயிலை, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். கைக்குக் கிடைத்தது என்று ஸ்டியரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும். டப்பா பொதுவானதாக இருந்தால் பிரேக்கும் சேர்ந்து போகும். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முழு பிரேக்கையும் மாற்றிய கதை அது.

ஏர் எடுத்து ஒரு வாரத்தில் மறுபடியும் பெடல் இறங்கினால், ஒழுகல் இன்னும் இருக்கிறது என்று பொருள். திரும்பத் திரும்ப ஏர் எடுத்துக்கொண்டிருப்பது வைத்தியம் இல்லை. மூன்றாவது இடத்தில் சொட்டுகிறது என்று உறுதியானால் அது பட்டறை வேலை. கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அறிகுறி 2: சிக்னலில் மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் தானாக இறங்குகிறது, வண்டி முன்னால் நகர்கிறது

ஆயில் டப்பாவில் அளவு குறையவில்லை, எங்கும் ஈரமில்லை. ஆனாலும் காலடியில் பெடல் மெல்ல அமிழ்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, ஆயில் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது. வேகமாக மிதித்தால் பிடிக்கும், மெல்ல மிதித்தால் நழுவும். "நான் ஓட்டினால் சரியாக இருக்கிறது, அவள் ஓட்டினால்தான் வருகிறது" என்று மனைவியைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் வண்டியில் பல முறை இதைத்தான் கண்டிருக்கிறேன். அந்த அம்மாள் நிதானமாக மிதிக்கிறார், அவ்வளவுதான்.

சோதனை இது. சமதரை, வண்டிக்கு முன்னால் ஆளோ சுவரோ இருக்கக் கூடாது. கை பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, எஞ்சினை ஓடவிட்டு முதல் கியர் போடுங்கள். கிளட்சைத் தரைவரை மிதிக்காமல் முக்கால் பங்கு மட்டும் மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். எஞ்சின் சத்தம் கனக்கத் தொடங்கினாலோ வண்டி உந்தினாலோ மாஸ்டரின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

உறுதிப்படுத்த, ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் குழாய் இறுக்கியால் பிடித்து அடைத்துவிட்டுப் பெடலை மிதிக்கலாம். பெடல் கல் போல நின்றால் மாஸ்டர் நல்லது, கோளாறு கீழே. அப்போதும் இறங்கினால் மாஸ்டர்தான். பல்லுள்ள இடுக்கியால் வெறும் குழாயைக் கவ்வாதீர்கள். பிளாஸ்டிக் குழாய் உள்ள வண்டியில் இந்தச் சோதனையே வேண்டாம்.

வாஷர் கிட் மட்டும் போடலாமா, முழு சிலிண்டரையும் மாற்றுவதா? சிலிண்டரைக் கழற்றி உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கினால் கிட் போதும். கோடு தட்டுப்பட்டால் புது ரப்பரையும் அந்தக் கோடு அறுத்துவிடும். என் பட்டறையில் பத்து வருடம் தாண்டிய வண்டிக்குக் கிட் போடுவதை நிறுத்திவிட்டேன். கூலியை இரண்டு முறை வாங்க மனம் வரவில்லை.

அறிகுறி 3: காலையில் நன்றாக இருக்கிறது, சூடேறியதும் மாறுகிறது

மலை ஏறும் வண்டிகளில் அதிகம். மூன்று கிளைகள்.

பெடல் சூட்டில் மென்மையாகி, ஆறியதும் பழையபடி வந்தால் பழைய ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தரங்கள். டாட் 4 தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். நீர் கலந்தபின் எதிர்பார்க்கப்படும் அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் கிளட்ச் குழாய் போகும் வண்டியில் நீர் கலந்த ஆயில் குமிழி விடும். குமிழி என்றால் மீண்டும் அறிகுறி 1. ஆயில் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். நிறம் நன்றாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. இருப்பதிலேயே மலிவான மருந்து இது.

கருகிய வாசனையோடு கிளட்ச் பிடிக்கும் இடம் மாறினால் பிளேட் சூடேறியிருக்கிறது. ஏற்றத்தில் பாதி மிதியில் வண்டியை நிறுத்திவைப்பதன் பலன். ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். திரும்பப் பழைய இடத்துக்கு வந்தால் இம்முறை தப்பித்தீர்கள். ஏற்றத்தில் நிற்கக் கை பிரேக் இருக்கிறது. கல்லட்டி மலைச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை ஒரு முறைகூடத் தொடாமல் வந்தேன் என்று பெருமை பேசுகிறவர்களுக்குத்தான் நான் அதிகம் பிளேட் மாற்றியிருக்கிறேன்.

கேபிள் வண்டியில் சூடேறியதும் பெடல் கனத்தால், கேபிளின் உறை சைலன்சரைத் தொடுகிறதா என்று பாருங்கள். உருகிய உறைக்குள் கம்பி ஒட்டிக்கொள்ளும். கேபிளை மாற்றி, பழைய வழியில் போகாமல் கொக்கியில் சரியாக மாட்ட வேண்டும்.

அறிகுறி 4: மிதித்த பெடல் கீழேயே ஒட்டிக்கொள்கிறது, அல்லது சோம்பலாக எழுகிறது

சிரிக்காதீர்கள்: முதலில் மிதியடி. அடுத்து, உருண்டு வந்த தண்ணீர் பாட்டில். இரண்டும் இல்லையென்றால் பெடலின் மேல்பகுதியில் இருக்கும் ஸ்பிரிங், டார்ச் அடித்தால் தெரியும். கழன்றோ உடைந்தோ தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆயில் கிளட்சில் பெடல் சோம்பலாக எழுந்தால் ரப்பர் குழாய் உள்ளே வீங்கியிருக்கலாம். ஆயில் போகும், திரும்பி வரத் தயங்கும். வெளியே பார்த்தால் குழாய் புதிதுபோல இருக்கும். வயதான குழாய் என்றால் மாற்றிவிடுங்கள்.

கேபிள் வண்டியில் பெடல் பக்கத்துக் கொக்கியில் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஓரிரு இழை அறுந்து மீசைபோல நீட்டிக்கொண்டிருக்கும்போதே மாற்றினால் உள்ளூரில் முடிந்துவிடும். முழுதும் அறுந்தால் நடுச்சாலையில் முடியும்.

புதுக் கேபிள் போட்டும் சில மாதங்களில் மறுபடி இறுகினால் வேறு ஒன்றைச் சந்தேகியுங்கள். ஒரு பழைய சிறிய கார் ஒரே ஆண்டில் மூன்று கேபிளைத் தின்றது. மூன்றாவது முறை கேபிளைக் கழற்றியபோது உள்ளுறை உருகி வழிந்திருந்தது, ஆனால் சைலன்சர் அந்தப் பக்கமே இல்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுக் கேபிளைத் தொட்டேன், கை சுட்டது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்து அறுந்திருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் திரும்பிப் போக வேறு வழியில்லாமல் கிளட்ச் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. புது எர்த் பட்டை போட்டபிறகு அந்த வண்டி கேபிள் கேட்கவில்லை. ஸ்டார்ட் ஆவதிலும் முனகல் இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

பெடல் தரையோடு போய் எதிர்ப்பே இல்லையென்றால் மலைச் சாலையில் சாகசம் வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: மாதக்கணக்கில் மெல்ல மேலே ஏறிக்கொண்டே வருகிறது

இதுதான் உண்மையான பிளேட் தேய்மானம். கேபிள் வண்டியில் தேயத் தேயப் பிளே குறையும். கியர்பாக்ஸ் முனையிலுள்ள நட்டைத் தளர்த்திப் பிளேயைத் திரும்பக் கொடுக்கலாம். பிளே சுத்தமாக இல்லாமல் ஓட்டினால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுழலும், பிளேட் வழுக்கும். ஆயில் வண்டிகளில் பெரும்பாலும் தேய்மானத்தை அதுவே ஈடுகட்டிக்கொள்ளும்.

வெறிச்சோடிய சமமான சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்தது. ஒரு முறை போதும்; சோதித்துக்கொண்டே இருந்தால் சோதனையே அதைத் தின்றுவிடும். கியர்பாக்ஸை இறக்கும்போது பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்லேவ் உள்ளே இருக்கும் வகையென்றால் அதையும்.

அறிகுறி 6: எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறுகிறது

காலை, மாலை, சூடு, குளிர் எதற்கும் கட்டுப்படவில்லையென்றால் எங்கோ இரும்பு அசைகிறது. பெடலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்; பெடலின் அச்சிலுள்ள புஷ் தேய்ந்திருந்தால் ஆடும். பெடலையும் தண்டையும் இணைக்கும் பின்னின் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகிவிட்டதா? பிறகு ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பானெட் பக்கம் நின்று மாஸ்டர் சிலிண்டர் பொருத்திய தகட்டைக் கவனியுங்கள். தகடு மூச்சு விடுவதுபோல முன்னும் பின்னும் வந்தால் வெல்டிங் விட்டிருக்கிறது. இது பட்டறையில் ஒரு நாள் வேலை. கியர்பாக்ஸைத் தொட வேண்டியதில்லை.

அங்கெல்லாம் சரியென்றால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கில் கீறல் இருக்கலாம். அதைக் கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க முடியும். ஆனால் அதற்குச் சம்மதிப்பதற்கு முன் இன்னும் ஒரே ஒரு சோதனை, செலவில்லாதது. எஞ்சினை அணைத்துவிட்டு, எஞ்சினில் பெல்ட் ஓடும் சக்கரமான கிரேங்க் புல்லியின் மேல் பார்வையை வைத்துக்கொண்டு ஒருவரைக் கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். கிளட்சை மிதிக்கும்போது அந்தப் புல்லியைச் சுழற்றும் தண்டான கிரேங்க் ஷாஃப்ட் முழுவதும் கியர்பாக்ஸிலிருந்து விலகித் தள்ளப்படும். நல்ல எஞ்சினில் அந்த நகர்வு ஒரு மி.மீ.யின் சிறு பகுதி, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. புல்லி வெளியே வந்து உள்ளே போவது கண்ணுக்கே தெரிந்தால் அந்த நகர்வைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது.

இரண்டு முறை கிளட்ச் செட் மாற்றி, மூன்றாவது பட்டறையாக என்னிடம் வந்த ஒரு வண்டியில் இதைப் பார்த்தேன். உரிமையாளரையே குனிந்து பார்க்கச் சொன்னேன். அவர் மகன் உள்ளே மிதித்தான். புல்லி டக்கென்று வெளியே வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. தேய்மானம் எஞ்சின் பிளாக்கையே அறுக்கும். எஞ்சின் வேலை தெரிந்த பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய், நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவு கைக்கு வராமல் கிளட்ச் செட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.